எந்தக் காலில் கியர்?

புல்லட் ஓட்டுகிற ஒருவர் எந்தக் காலத்து ஆள் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். "சார், உங்க வண்டியில கியர் எந்தக் கால்?" இதென்ன கேள்வி, இடது கால்தான் என்று சொன்னால் அவர் இந்த நூற்றாண்டில் வண்டி பழகியவர். வலது கால் என்று சொல்லிவிட்டு நம்மை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தால் பழைய ஆள். அவரிடம் அடுத்த கேள்வி கேட்பதற்கு முன்னால் அரை மணிநேரத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பெரியப்பா இரண்டாவது வகை. 1984ல் வாங்கிய புல்லட் 350. முதலில் மந்தைவெளியில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டு வாசலில், பிறகு கோட்டூர்புரத்து அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்ற வண்டி. திருவண்ணாமலை, ஏற்காடு, கொடைக்கானல், ராமேஸ்வரம், ஒருமுறை கோவா வரைக்கும் அதில்தான் போனார். 2018ல், தன்னுடைய 62ஆவது வயதில், அதை விட்டுவிட்டு ஹிமாலயனுக்கு மாறினார். ஒரு டூரிங் வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கலாம். பணம் கட்டுகிறோம், பழைய வண்டியின் ஆர்.சி.யை வேறு பெயருக்கு மாற்றித் தருகிறோம், முடிந்தது. ஆனால் அவருடைய கால்கள் மாறுவதற்கு எடுத்துக்கொண்ட ஏழு மாதங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு, அந்தச் சின்ன மிதிக்கட்டை ரெடிட்ச், திருவொற்றியூர், வாஷிங்டன் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே அழுத்த வேண்டும். இன்றைய டூரிங் வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. அதாவது மாறியது கால் மட்டும் இல்லை, திசையும்தான். இதன் விளைவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். முப்பது வருஷம் பழகியவர் வேகம் எடுக்க நினைக்கிறார். அடுத்த கியர் போட வலது கால் தானாகக் கீழே அழுத்துகிறது. புது வண்டியில் அது பிரேக். திடீரென்று நிறுத்த நினைக்கிறார். இடது கால் அழுத்துகிறது. புது வண்டியில் கியர் ஒன்று இறங்கும், வண்டி உறுமும், நிற்காது. கிளட்சையும் சேர்த்துப் பிடித்திருந்தால் உறுமல்கூடக் கிடையாது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய புல்லட்டின் முன் பிரேக் டிரம் பிரேக், அதுவும் ஒப்புக்குத்தான். வண்டியோ நூற்றறுபது கிலோவுக்கு மேல். அதனால் அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் நம்பியது இடது காலைத்தான். உயிர் அந்தக் காலில் இருந்தது என்றே சொல்லலாம்.

*

கியர் ஏன் வலது காலில் இருந்தது என்றால் சாத்திரம் ஒன்றுமில்லை, இடவசதிதான். பழைய இங்கிலாந்து வண்டிகளில் என்ஜின் ஒரு தனிப் பெட்டி, கியர் பாக்ஸ் அதற்குப் பின்னால் இன்னொரு தனிப் பெட்டி. இரண்டையும் இணைக்கிற பிரைமரி செயினும் கிளட்சும் இடது பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தன. கியர் மாற்றும் தண்டு வெளியே வர மிச்சமிருந்தது வலது பக்கம். பின் சக்கரத்துச் செயினும் இடப்பக்கம் ஓடியது, பிரேக்கும் அந்தப் பக்கமே போனது. புல்லட்டில் இருந்தது பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்பியன் கம்பெனியின் நான்கு கியர் பெட்டி. அதில் குதிகாலால் மிதித்தால் முதல் கியரைத் தவிர எந்த கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வருகிற தனி மிதி ஒன்று உண்டு. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற மயிலாப்பூர் ஆட்களுக்கு அது வரப்பிரசாதம். லஸ் கார்னரில் பல்லவன் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும்.

ராயல் என்ஃபீல்டின் ஊர் இங்கிலாந்தின் ரெடிட்ச். அதற்கு முன்னால் ஊசிக்குப் பேர்போன ஊர். கம்பெனியின் முதல் மோட்டார் சைக்கிள் 1901ல் வந்தது. 'துப்பாக்கி போலச் செய்தது' என்பது அவர்கள் விளம்பரம், சின்னத்திலும் ஒரு பீரங்கி. 1930களின் தொடக்கத்தில் ஒரு மாடலுக்குப் புல்லட் என்று பெயர் வைத்தார்கள். நாம் இன்று பார்க்கிற உருவம், பின்னால் ஷாக் அப்சார்பர் வைத்த சட்டம், எல்லாம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் வந்த புல்லட்டுக்கு உரியவை. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவத்துக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. சென்னையில் ராயல் என்ஃபீல்டை இறக்குமதி செய்துகொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸுக்கு ஆர்டர் வந்தது. வருஷா வருஷம் கப்பலில் இறக்குவதற்குப் பதிலாக இங்கேயே செய்யலாமே என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. 1955ல் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956ல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. அந்த வருஷம் முடியும்போது கட்டி முடித்திருந்தவை 163 வண்டிகள். முதலில் உதிரிகள் பெட்டியில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957ல் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கிக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே உருவானது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். 1967ல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் மிச்சமிருந்த உற்பத்தியும் நின்றது. தாய் செத்துவிட்டாள், பிள்ளை கடல் தாண்டி வேறு ஊரில் அதே பழைய உடுப்போடு வாழ்ந்துகொண்டிருக்கிறான். மொழியிலும் இப்படி நடக்கும். 'பறைதல்' என்றால் சொல்லுதல். பழந்தமிழில் தாராளமாகப் புழங்கிய சொல். நாகர்கோவில் பக்கம் போகாத நம்மில் பெரும்பாலோர் வாயில் இன்று அது வராது. மலையாளி ஒருவர் ஒரு நாளைக்கு நூறு முறை 'பறயுந்நு' என்கிறார். மையத்தில் வழக்கொழிந்தது விளிம்பில் உயிரோடு இருக்கும். ஆல்பியன் கியர் பாக்ஸும் திருவொற்றியூரில் அப்படித்தான் இருந்தது. 1977ல் என்ஃபீல்டு இந்தியா புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது. தங்கள் அப்பா ஓட்டிய வண்டியைப் புத்தம்புதிதாக மெட்ராஸிலிருந்து வரவழைத்து வாங்கினார்கள் வெள்ளைக்காரர்கள். காலனிய வரலாற்றில் இந்த மாதிரி வேடிக்கைகள் குறைவு.

*

உலகம் அதற்குள் இடது காலுக்குப் போய்விட்டிருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு விதி ஒன்று, 123ஆம் எண், 1974 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கைப்பிடியில் எது எங்கே, காலில் எது எங்கே என்று எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஒழுங்கு. கியர் இடது கால், பின் பிரேக் வலது கால். அதுவரை ஆளுக்கொரு மாதிரி இருந்ததால் வண்டி மாறி ஓட்டுகிறவர்கள் தடுமாறினார்கள். பெரியப்பாவுக்கு 2018ல் வந்த அதே சிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரர்கள் ஏற்கெனவே இடது பக்கம்தான், அவர்களுக்கு ஒன்றுமில்லை. அடி வாங்கியது இங்கிலாந்து. நார்ட்டனும் டிரையம்ஃபும் அமெரிக்கச் சந்தையை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தவை. 1975 மாடல்களுக்கு அவசர அவசரமாக வலது பக்கத்துத் தண்டை உள்ளே குறுக்காகக் கொண்டுபோய் இடது பக்கம் வெளியே எடுத்தார்கள். அமெரிக்காவின் சொந்த ஹார்லி டேவிட்சனிலேயே ஸ்போர்ட்ஸ்டர் வண்டிக்கு அதுவரை வலது கால் கியர்தான். அதுவும் அந்த வருஷம் கால் மாற்றிக்கொண்டது.

திருவொற்றியூரில் யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்றச் சொல்ல ரெடிட்சில் ஆள் இல்லை. அமெரிக்காவில் விற்கவேண்டிய கட்டாயமும் அப்போது இல்லை. உள்ளூரிலோ புல்லட்டுக்கு அதன் எடையில் போட்டி கிடையாது.

ஆனால் உள்ளூரில் மற்ற எல்லோரும் இடது கால்தான். மைசூரில் 1960ல் தொடங்கிய ஐடியல் ஜாவா கம்பெனியின் ஜாவா, பின்னாளைய யெஸ்டி, இரண்டும் செக்கோஸ்லோவாக்கியச் சம்பிரதாயப்படி இடது பக்கக் கியர். அதில் ஒரு வித்தை உண்டு. கியர் போடுகிற அதே கம்பியை உள்ளே தள்ளிச் சுழற்றினால் கிக்கராகிவிடும். 1980களின் நடுவில் ஹோசூரிலிருந்து இந்த்-சுஸுகி, பிறகு ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று வரிசையாக வந்த ஜப்பான் வண்டிகள் எல்லாவற்றிலும் இடது கால். அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டரிலோ கியர் கையில், பிரேக் வலது காலில். ஆக இந்தியச் சாலையில் இடது காலால் பிரேக் பிடித்தவர்கள் புல்லட்காரர்கள் மட்டும்தான். யாராவது புல்லட்டைக் கடன் கேட்டால் பெரியப்பா தயங்காமல் சாவியை எடுத்துக் கொடுப்பார். வாங்கியவர் தெருமுனை வரை போய்விட்டுத் தள்ளிக்கொண்டு திரும்பி வருவார். "பூட்டே தேவையில்லடா இந்த வண்டிக்கு" என்பது அவருடைய பழைய ஜோக்.

கடன் வாங்கியவர் முதலில் ஸ்டார்ட் செய்யவே முடிந்திருக்காது என்பது வேறு விஷயம். 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம் கொண்ட ஒற்றை சிலிண்டர், 346 சிசி. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக மிதித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா பார்க்க வேண்டும். வந்ததும் இடது கைப்பக்கத்து டீகம்ப்ரஸரை இழுத்துப் பிடித்து, கிக்கரைத் துளி நகர்த்தி, டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு, உடம்பின் எடையை இறக்கி ஒரே உதை. பிஸ்டன் உச்சியைத் தாண்டியிருந்தால் டுபுடுபுவென்று எழும். தாண்டவில்லையென்றால் திருப்பி உதைக்கும், கணுக்கால் போய்விடும். ஆர்.கே. மடம் சாலைக்காரர்களுக்குக் காலை எட்டரை மணி என்பது இந்தச் சத்தம்தான் என்று பெரியம்மா சொல்வாள். கபாலி கோயில் காலசந்தி மணிக்கு அப்புறம் இவர் வண்டி.

*

1990களின் கதை சோர்வானது, சீக்கிரம் கடந்துவிடலாம். 1993ல் டீசலில் ஓடும் புல்லட்கூட விற்றார்கள். கிராமத்துப் பெரிய மனிதர்களுக்கும் பால்காரர்களுக்கும் பிடித்திருந்தது. 1994ல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை எடுத்துக்கொண்டது. நூறு சிசி வண்டி லிட்டருக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்த காலத்தில், எண்ணெய் ஒழுகுகிற, உதைத்தால் கிளம்பாத, கால் மாறிய வண்டியை யார் வாங்குவார்கள்? 2000ல், தொழிற்சாலையை மூடிவிடலாமா என்ற நிலையில், குழுமத் தலைவரின் மகன் சித்தார்த்த லால் பொறுப்பெடுத்தார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது.

புது வாடிக்கையாளர் வேண்டுமென்றால் எதை மாற்றுவது? இங்கேதான் பழைய ஆட்களுக்கும் கம்பெனிக்கும் பிணக்கு. இடது காலில் கியர் வந்தால்தான் மற்ற வண்டி ஓட்டிய பையன் புல்லட்டில் ஏறுவான். ஆனால் வலது கால் கியர் போய்விட்டால் அது புல்லட்டே இல்லை என்று கோபித்துக்கொள்கிறவர்கள்தான் அதுவரை கம்பெனியைப் பிழைக்க வைத்தவர்கள். கம்பெனி இரண்டு பக்கமும் கால் வைத்தது. ஐந்து கியர், இடது கால், செல்ஃப் ஸ்டார்ட் என்று தண்டர்பேர்டு போன்ற வண்டிகள் 2002 வாக்கில் வந்தன. அதே ஷோரூமில் நான்கு கியர், வலது கால் வண்டியும் சில வருஷம் நின்றது. ஒரே பெயர், ஒரே டேங்க், ஒரே புலிக்கண் விளக்கு. உள்ளே கால் மட்டும் வேறு. அந்த வருடங்களில் வாங்கியவர்களிடம் பேசினால் ஒவ்வொருவரும் தான் எந்தப் பக்கம் நின்றார் என்பதைக் கட்சி மாதிரி சொல்வார்கள்.

தீர்ப்பைச் சொன்னது வாடிக்கையாளர் இல்லை, புகை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, தனித்தனிப் பெட்டிகளான பழைய வார்ப்பிரும்பு என்ஜினால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த புது என்ஜின் 2008, 2009ல் வந்தது. அதை வைத்து 2009ல் வந்த கிளாசிக் ஓடின ஓட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2010 வாக்கில் வார்ப்பிரும்பு என்ஜின் நின்றுபோனது. அத்தோடு வலது கால் கியரும் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. ரெடிட்சில் மூடியதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் சென்னை அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. 2013ல் ஒரகடத்திலும் 2017ல் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் திறந்தன. தென்சென்னைக்காரர்கள் ஈசிஆரில் பெருமையாக ஓட்டுகிற வண்டியை அரை நூற்றாண்டுக்கு மேல் செய்து தந்தது வடசென்னை. இதை மயிலாப்பூரில் யாரும் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

*

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு ஊருக்குள் வந்தது. கோட்டூர்புரத்தில் தரைத்தளங்கள் மூழ்கின. பெரியப்பாவின் புல்லட் இரண்டு நாள் தண்ணீருக்கு அடியில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். சக்கரத்து ஸ்போக்கில் ஒரு புடவைத் தலைப்பு சுற்றியிருந்தது, அம்மீட்டர் கண்ணாடிக்குள் பாதிவரை சேறு. பக்கத்தில் நின்றிருந்த புது வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் ஆட்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். இதற்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்தாலும் டீ செலவுக்குத்தான் காணும்.

மீர்சாகிப்பேட்டையில் அவருடைய மெக்கானிக் ஒரு பாய். இரண்டு தலைமுறையாகப் புல்லட் மட்டும் பார்க்கிற பட்டறை. தட்டுரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினோம். ஆயில் பிளக்கைக் கழற்றியதும் பால் காபி நிறத்தில் ஒழுகியது. பாய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொழச்சிக்கும் சார். இதுக்கு மூளை கிடையாது, அதனால தண்ணி ஏறினாலும் புத்தி கெடாது" என்றார். சொன்னது சரிதான். கார்புரேட்டர், பாயின்ட் செட், காயில், ஒரு சின்ன பேட்டரி. அந்த வண்டியில் இருந்த எதையும் கழற்றிக் கழுவிக் காயவைக்க முடியும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது பேரிங்குகள், புதுப்பேட்டையில் பழைய டைனமோ கவர் ஒன்று. பதினோராம் நாள் அது உதைத்துக் கிளம்பியது. பட்டறைப் பையன்கள் கை தட்டினார்கள்.

வெள்ளம் கொல்லாத வண்டியை முழங்கால் கொன்றது. 2017ல் வலது முழங்காலில் தேய்மானம் என்றார் டாக்டர். கிக்கர் உதைப்பது நின்றாக வேண்டும். வண்டியையே விட்டுவிடலாமே என்று பெரியம்மா ஆரம்பித்தாள். அவர் கேட்கவில்லை.

என்ன வாங்குவது என்பதில் நாங்கள் எல்லோரும் கிளாசிக் என்றோம். பழைய புல்லட்டின் முகஜாடை அப்படியே இருக்கும், செல்ஃப் ஸ்டார்ட்டும் உண்டு. தி. நகரில் ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தார். பனகல் பார்க்கைச் சுற்றி ஒரு சுற்று. இறங்கி வந்து வேண்டாம் என்றார். "மூஞ்சி பழசு, கால் புதுசு. இதுல உக்காந்தா என் கால் என் வண்டினு நினைச்சிக்கும். அது ஆபத்து. மாறுறதுன்னா முழுசா மாறணும்டா." அதனால்தான் ஹிமாலயன். 2016ல் வந்த வண்டி. புல்லட்டோடு எந்த உருவ ஒற்றுமையும் கிடையாது. உயர்ந்த கைப்பிடி, 21 அங்குல முன் சக்கரம், முன்னால் 200 மில்லிமீட்டர் தாங்கும் சஸ்பென்ஷன், நிமிர்ந்து உட்காரும் இருக்கை. 411 சிசி, இருபத்து நாலரை குதிரைத்திறன். இமயமலைக்காகச் செய்த வண்டியை வாங்கியவர், பருவமழைக்குப் பிறகான வேளச்சேரி சாலைகளுக்கு இதுதான் லாயக்கு என்றார்.

முதல் இரண்டு மாதம் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு மட்டும் ஓட்டினார். நான் பின்னால் ஸ்கூட்டரில். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார்: "இடது ஏறு, வலது நில்லு." நடைப்பயிற்சிக்காரர்கள் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்திருப்பார்கள். நிதானமாக ஓட்டும்போது தப்பே வராது. யோசிக்க நேரமில்லாதபோதுதான் பழைய கால் எழுந்து வரும். ஒரு மாலை திரு.வி.க. பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன மாநகரப் பேருந்து சட்டென்று நின்றது. இடது காலை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. வலது கையின் டிஸ்க் பிரேக் காப்பாற்றியது. பேருந்தின் பின்பக்கத்துக்கும் முன் சக்கரத்துக்கும் இடையில் ஒரு கைப்பிடி அகலம்தான் இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெட் சைமனை அப்போதுதான் நான் படித்துக்கொண்டிருந்தேன். 1973ல் லண்டனிலிருந்து டிரையம்ஃப் டைகர் 100 ஒன்றில் கிளம்பி நான்கு வருஷம் உலகைச் சுற்றியவர். இந்தியாவும் அவர் வழியில் வந்தது. பழைய இங்கிலாந்து வண்டி, அமெரிக்க விதிக்கு முந்தியது. 2001ல், எழுபதை நெருங்கிய வயதில், அதே பாதையில் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை பிஎம்டபிள்யூ. ஒரே பாதையை இரண்டு வண்டியில் போனால் பாதை இரண்டாகிவிடுகிறது. பெரியப்பாவிடம் சொன்னேன். "அவருக்கு நடுவுல இருபத்தஞ்சு வருஷம் கேப் கிடைச்சிருக்கு. எனக்குக் கீழ இன்னும் பழைய வண்டி நிக்குதே" என்றார்.

உண்மையான சிக்கல் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குப் புல்லட்டை எடுத்து, பாயின் பையன் உதைத்துத் தர, அடையாறு வரை ஒரு சுற்று போய்வருவார். திங்கட்கிழமை ஹிமாலயனில் ஏறினால் கால் குழம்பும். ஒரு வாரம் கற்றதை ஒரு மணிநேரம் அழித்துவிடும். விற்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் எதிர்த்தோம். நான்தான் அதிகம் பேசினேன். முப்பத்து நாலு வருஷ வண்டி, வெள்ளத்தில் பிழைத்தது, வார்ப்பிரும்பு என்ஜின் இனி வரவே வராது, ஓட்டாமல் சும்மா நிற்கட்டுமே பெரியப்பா என்றேன். "நின்னா ஓட்டுவேன். ஓட்டினா கால் மறக்காது. மறக்கலைன்னா ஒருநாள் அந்த பஸ்ல போய் முட்டுவேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாம் மரபு, பாதுகாப்பு என்றெல்லாம் எழுதுகிறோம். அவர் தன் உடம்பின் ஞாபகத்தோடு ஒரு தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொருளைக் காப்பாற்றுவதற்கு விலையாக ஒருவருடைய காலைக் கேட்கும் உரிமை எங்கள் யாருக்கும் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். விற்ற ஐந்தாம் மாதம் கால் தெளிந்தது. அதற்குப் பிறகு கொல்லிமலை, வால்பாறை, ஸ்பிட்டி வரை போய்வந்தார்.

சத்தம் மட்டும் போய்விட்டது. அதற்கும் காரணம் இருக்கிறது. பழைய புல்லட்டில் பிஸ்டன் ஓடும் தூரம் 90, சிலிண்டர் அகலம் 70. நீண்ட ஓட்டம், நிதானமான சுழற்சி, ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம். பெரியப்பாவின் ஹிமாலயனில் ஓட்டம் 86, அகலம் 78; அதோடு அதிர்வை அடக்க ஒரு எதிர்த்தண்டும் உண்டு. 2023ல் வந்த ஹிமாலயன் 450ல் இது தலைகீழானது. அகலம் 84, ஓட்டம் 81.5. தண்ணீரால் குளிரும் என்ஜின், ஆறு கியர், நாற்பது குதிரைத்திறன். அதிலிருந்து வருவது வெடிப்பு இல்லை, ரீங்காரம். சென்ற மாதம் முட்டுக்காடு பக்கம் ஒரு பையன் அதில் எங்களைத் தாண்டிப் போனான். பெரியப்பா, "நல்ல வண்டி. ஆனா தையல் மிஷின்" என்றார். 1985ல் ஆர்எக்ஸ் 100ஐப் பார்த்தும் இதையேதான் சொன்னாராம்.

பழைய புல்லட்டை வாங்கியது பாய்தான். விற்பதற்கு இல்லை, வைத்துக்கொள்ள. அவர் பட்டறைக்கு இன்றும் மாதத்துக்கு ஏழெட்டு வலது கால் வண்டிகள் வருகின்றன. ஐதராபாத்திலிருந்துகூட ஒன்று லாரியில் வந்தது. என்ஜின் இறக்கி ஏற்றுவது, டேப்பட் வைப்பது, பாயின்ட் இடைவெளி பார்ப்பது எல்லாவற்றையும் பையன்கள் செய்கிறார்கள். வேலை முடிந்து ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற வேலையை மட்டும் அவர் யாருக்கும் தருவதில்லை. பையன்கள் எல்லோருக்கும் கியர் இடது கால். வண்டிகள் வாசலில் வரிசையாகக் காத்திருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக, ராயப்பேட்டை மணிக்கூண்டு வரை அவரே போய்விட்டு வருவார்.